வாசம் எப்ப வருதுங் மாப்பிள்ளை?

வாங்க மாப்பிள்ளை, வாங்க. வண்டியை அந்த வேப்பமரத்தடியிலயே நிறுத்திப்போடுங்க. சாளைக்குள்ள ஏத்த வேண்டாமுங். நாலு கண்ணாடியையும் எறக்கி விட்டுட்டுச் சாவியோட எறங்கி வாங்க. அம்மிணி, நீ கொழந்தையத் தூக்கிட்டு அக்கட்டால வா சாமி. காப்பி எங்கயும் ஓடிப்போயிராது.

ஏனுங் மாப்பிள்ளை, வண்டிக்குள்ள பூக்கடையா வெச்சிருக்கறீங்க? முன்கண்ணாடிக்குக் கீழ மல்லியப்பூ வாசத்துல ஒரு பாட்டில். ஏசி தொவாரத்துல எலுமிச்சை வாசத்துல ஒண்ணு. மேல தொங்கற அட்டையில சந்தனம். போதாக்கொறைக்கு வண்டி மூஞ்சியில எலுமிச்சம்பழமும் மொளகாயும் கோத்துக் கட்டியிருக்கறீங்க. இத்தனைக்கும் நடுவுல பெட்ரோல் யாருக்கும் பயப்படாமத் தன்னோட வாசத்தைத் தனியா வீசிட்டு இருக்குது பாருங்க, அதோட தைரியத்தை மெச்சோணும். அம்மிணி தலை சுத்துதுன்னு சொன்னதுக்கு, மசக்கையா இருக்கும்னு சிரிச்சீங்களாமா? நல்லா இருக்குதுங் உங்க வைத்தியம்.

உங்களைக் குத்தம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நீங்க திருப்பூர்ல பனியன் கம்பெனி நடத்தறவங்க. துணியில சாயம் துளி மாறுனாலும் கண்டுபுடிச்சு லோடோட திருப்பி அனுப்பறவங்க. நானு கெணத்து மேட்டுல டீசல் எஞ்சினுக்குக் காத்தெடுத்துக் கையால சுத்தி ஸ்டார்ட் பண்ணுன ஆளு. சொன்னாக் கேப்பீங்கன்னு எனக்கு நம்பிக்கையில்லை. இருந்தாலும் சொல்றது பெரியமாமனுக்கு லட்சணமுங்.

நெம்பப் பேரு பெட்ரோல் வாசம் வந்தா, எங்கிருந்து வருதுன்னுதான் தேடுவாங்க. மூக்கை நீட்டிட்டு வண்டியைச் சுத்திச் சுத்தி வருவாங்க. அது வேலைக்காகாதுங். பின்னாடி கசியறது காத்துப்போக்குல முன்னாடி வீசும், முன்னாடி கசியறது ஏசி வழியா உள்ளார வரும். நீங்க கேக்க வேண்டிய கேள்வி, எப்ப வருதுங்கறதுதான். வெடியால செட்டைத் தொறந்ததும் வருதா, பங்க்குல போட்ட பின்னால வருதா, ஓடறப்ப வருதா, சிக்னல்ல நிக்கறப்ப வருதா? இதுக்கு ஒழுங்காப் பதில் சொல்லிப்போட்டீங்கன்னா, ஸ்பேனரைத் தொடாமயே பாதி வேலை முடிஞ்சுதுங்.

அதுக்கு முன்னாடி பயமுறுத்தற சோலியைச் சித்த முடிச்சுக்கறனுங். என்ர பேத்தி கெமிஸ்ட்ரி படிக்கறவ. போன நோம்பிக்கு வந்தப்ப எனக்குப் பாடமே நடத்திப்போட்டா. பெட்ரோல்ல இருந்து ஆவி கெளம்பறதுக்கு வெயிலே வேண்டியதில்லையாமா. பூஜ்யத்துக்குக் கீழ 40 டிகிரிக் குளுருல வெச்சாலும் அந்த ஆவி பொறி பட்டாப் பத்திக்கும். காத்துல நூத்துக்கு 1.4 பங்கு கலந்தாப் போதும், 7.6 பங்கு வரைக்கும் எரியும். அதுக்கு மேல போனாக் காத்துப் பத்தாது, எரியாது. சுமாரா ஏழரைன்னு வெச்சுக்கங்க. கணக்கைப் பாத்தாலே தெரியுதுல்லங், சனி எங்க உக்காந்திருக்குதுன்னு. இன்னொண்ணு, அந்த ஆவி காத்தை விட மூணு நாலு மடங்கு கனம். மேல போகாது, தரையோட ஊர்ந்து போயிப் பள்ளத்துல தேங்கி நிக்கும், பழைய கெணத்துக்குள்ள விஷக்காத்து நிக்கறாப்புல. அதனாலதான் மூடுன செட்டுக்குள்ள வண்டியை உட வேண்டாம்னு சொன்னனுங். உள்ளார உங்க மாமியா அடுப்புப் பத்த வெச்சிருக்கறாங்க.

துளிதான் மாமா கசியுதுன்னு போன்ல சொன்னீங்க. துளிக்குக் கணக்குப் போடுவமா? இருவது சொட்டு ஒரு மில்லி. விநாடிக்கு ஒரு சொட்டு வுழுந்தா நாள் ஒண்ணுக்கு 4 லிட்டருக்கு மேல போகும். கம்பெனியில ஒரு நூல்கண்டு காணாமப் போனா சிசிடிவி பாக்கறவங்க நீங்க.

அப்பறம் ரெண்டு நாள் கழிச்சு மறுபடி கூப்புட்டு, வாசம் தானாப் போயிருச்சு மாமான்னு சந்தோசமாச் சொன்னீங்க பாருங்க. வாசம் போகலீங், மூக்குப் போயிருச்சு. ஒரே வாசத்துல கெடந்தா மூக்கு மரத்துக்கும். அதனாலதான் புதுசா வண்டியில ஏறற ஆளைக் கேக்கோணும். ஓட்டறவனோட மூக்கை நம்பவே கூடாதுங்.

செரி, இப்பச் சொல்லுங்க. பங்க்குல போட்டு வந்த அன்னிக்கு மட்டும் வாசம் எச்சா வருதுங்களா? வந்தா அதுல உங்க கைவரிசை இருக்கும். ஃபுல் டேங்க் போடுன்னு சொல்லுவீங்க. டேங்க் நெறைஞ்சதும் பைப்பு மூக்குல இருக்கற சின்னத் தொவாரத்துல பெட்ரோல் முட்டி, டக்குன்னு தானா நின்னுக்கும். அது நின்னுச்சுன்னா போதும்னு அர்த்தமுங். ஆனா உங்களுக்கு மீட்டர்ல 2,340 ரூவான்னு நின்னாத் தூக்கம் வராது. ரவுண்டாப் போடுப்பான்னு சொல்லுவீங்க. அந்தப் பையனும் வண்டியை ஆட்டி ஆட்டி, சொட்டுச் சொட்டா ஊத்தி 2,400-க்குக் கொண்டாந்து நிறுத்துவான். அந்த 60 ரூவாய்ப் பெட்ரோல் எங்க போச்சுன்னு நெனைக்கறீங்க?

டேங்குல வெயிலுக்குக் கெளம்பற ஆவி வெளிய போகாம இருக்கறதுக்கு, இப்ப வர்ற வண்டியிலெல்லாம் ஒரு கரி டப்பா வெச்சிருக்கறாங்க. மெக்கானிக்குங்க கேனிஸ்டர்னு சொல்லுவாங்க. உள்ளார இருக்கற கரி ஆவியைப் புடிச்சு வெச்சுக்கும். எஞ்சின் ஓடறப்ப ஒரு வால்வு தொறந்து அந்த ஆவியை உறிஞ்சி எரிச்சுப்போடும். நல்ல ஏற்பாடுங். ஆனா அது ஆவிக்குப் பண்ணுன டப்பா. கழுத்து வரைக்கும் நெரப்புனா பெட்ரோலே அதுக்குள்ள போயிக் கரி நனைஞ்சு போகும். அப்பறம் ஆவியை எங்க புடிக்கறது? போட்டு வந்த ஒடனே வண்டி ஸ்டார்ட் ஆக மொரண்டு புடிக்கறதும், செட்டு பூராவும் வாசம் அடிக்கறதும் அதனாலதான். வால்வு மட்டும் கெட்டிருந்தாச் செலவு கம்மி, கரி ஊறிப்போயிருந்தா டப்பாவையே மாத்தோணும். உங்க ரவுண்டுக் கணக்குக்கு அது வட்டியுங்.

மூடியையும் பாத்துக்கங்க. திருகறப்ப டக்டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் திருகோணும். மூடிக்கு உள்பக்கம் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும், நகத்தால அமுத்திப் பாருங்க. வெறைச்சுப் போயி, வெடிச்சிருந்தா மூடியை மாத்திப்போடுங்க. நெரப்புனதுக்கப்பறம் வளைவுல திரும்பறப்ப மட்டும் வாசம் தூக்குனா, மூடிக்கும் டேங்குக்கும் நடுவுல போற தடிமனான ரப்பர் கொழாயி வெடிச்சிருக்குதுன்னு அர்த்தம். அரை டேங்க்ல இருந்தா அது ஒண்ணுமே காட்டிக்காது. நெறைஞ்சாத்தான் அதோட யோக்கியதை தெரியும்.

அதில்லீங்களா? ஓடறப்ப, ஏசி போட்டா வருதுங்களா? முன்கண்ணாடிக்குக் கீழ, பானெட்டு முடியற எடத்துல சல்லடையாட்ட ஒரு வழி இருக்கும் பாருங்க. வெளிக்காத்து அது வழியாத்தான் உள்ளார வரும். எஞ்சின் பக்கம் கசிஞ்சா அந்த வழியா உங்க மூக்குக்கு வந்துரும். காத்து உள்ளாரயே சுத்தற பட்டனை அமுத்துனா வாசம் கொறையும். கொறைஞ்சா, ஆகா பட்டன் வேலை செய்யுதுன்னு சந்தோசப்படாதீங்க. எஞ்சின் பக்கம் கசியுதுன்னு அது சாட்சி சொல்லுது.

பானெட்டைத் தொறந்தா மொதல்ல பெருக்கான் வந்து போயிருக்குதான்னு பாருங்க. நம்ம தோட்டத்துப் பக்கம் எலியும் பெருக்கானும் பண்ற அழிம்பு கொஞ்ச நஞ்சமில்லீங். எஞ்சின் சூட்டுக்கு ராத்திரி வந்து படுத்துக்கும். பல்லு ஊறுச்சுன்னா ஒயரைக் கடிக்கும், பெட்ரோல் ஹோஸையும் கடிக்கும். ஹோஸ் மேல சின்னப் பல்லுத்தடம், பக்கத்துல ரப்பர்த் தூளு, மக்காச்சோளச் சக்கை கெடந்தா வேற ஜோசியம் வேண்டாம். பொகையெலைக் கட்டு வெக்கறவங்க இருக்கறாங்க, அந்துருண்டை போடறவங்க இருக்கறாங்க. என்னைக் கேட்டா, வண்டியை வைக்கோல் போருகிட்டயும் தீவன மூட்டைகிட்டயும் உடாம இருக்கறதுதான் மொத மருந்து.

எலி இல்லைன்னா கிளிப்பைப் பாருங்க. ஹோஸ் போயிச் சேர்ற ஒவ்வொரு மூட்டுலயும் வெள்ளைத் துணியால தொடச்சுப் பாருங்க. பெட்ரோல் தரையில வுழுகறதுக்கு முன்னாடியே ஆவியாயிரும், அதனால கீழ ஈரத்தைத் தேடுனாக் கெடைக்காது. ஆனா கசிஞ்ச மூட்டைச் சுத்தி ஒரு பழுப்புக் கறை உட்டுட்டுப் போகும். மத்த எடத்துல தூசி காஞ்சு கெடக்கும், அங்க மட்டும் கழுவி உட்ட தடம் தெரியும். இன்ஜெக்டர் சொருகற எடத்துல ஓ-ரிங்குன்னு சுண்டுவெரல் மோதரம் அத்தாச்சோட ரப்பர் இருக்கும். அது வெறைச்சாலும் கசியும். டார்ச்சு அடிச்சுப் பாருங்க. தீக்குச்சியை ஒரசிப் பாத்த ஒரு புத்திசாலியை எனக்குத் தெரியும், புருவம் மொளைக்க மாசக்கணக்காச்சு. குண்டு பல்பைத் தொங்க உட்டும் பாக்காதீங்க, கண்ணாடி ஒடைஞ்சாலே பொறிதான்.

ரப்பரு ஏன் இப்பெல்லாம் சீக்கிரம் கெடுதுன்னு கேக்கறீங்க. 2023-ல இருந்து நூத்துக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் வர ஆரம்பிச்சு, இப்ப எந்தப் பங்க்குக்குப் போனாலும் அதுதான். அந்த வருசத்துக்கு அப்பறம் வந்த வண்டிக்கு அதுக்குத் தகுந்த ரப்பர் போட்டு வருது. பழைய வண்டியோட ரப்பரு எத்தனால்ல ஊறி உப்பிக்கும், அப்பறம் வெடிக்கும். எத்தனால் எங்கிருந்து வருதுங்? கரும்புல இருந்து, அரிசியில இருந்து, நாம வெதைக்கற மக்காச்சோளத்துல இருந்து. பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரரு மக்காச்சோள வெலையைக் கேட்டுத் தலையில கை வெச்சுக்கறாரு. கோழி திங்க வேண்டியதை உங்க வண்டி குடிக்குது, குடிச்சுப்போட்டு ஹோஸைத் திங்குது.

பொகைக்கொழாய்ப் பக்கம் வாசம் வருதான்னா, அது வேற சங்கதி. அது கசிவில்லீங், எரியாத பெட்ரோலு வெளிய போறது. கொழாய்க்குள்ள வெரலை உட்டா மை மாதிரி ஒட்டும், மைலேஜ் கொறையும். பிளக்கு ஒண்ணு செத்திருக்கலாம். எஞ்சின் சூட்டைச் சொல்ற சென்சார் பொய் சொல்லலாம். எஞ்சின் கொதிச்சிட்டு இருக்கறப்பவும் இன்னும் குளுருதுன்னு சொல்லிச்சுன்னா, கம்ப்யூட்டர் நம்பிப் பெட்ரோலை எச்சா ஊத்தும். கம்ப்யூட்டர் சொன்னாச் செரியா இருக்கும்னு நம்பற ஆளுங்க இதைக் கவனிக்கோணும். மீட்டர்ல எஞ்சின் படம் போட்ட மஞ்ச வெளக்கு மினுக்மினுக்குன்னு மின்னுச்சுன்னா ஓட்டாம ஓரங்கட்டிருங்க. எரியாத பெட்ரோல் சைலென்சர்ப் பக்கம் இருக்கற கன்வெர்ட்டருக்குள்ள போயி எரியும், அது செவக்கக் காயும். அந்த நேரம் பாத்துச் சோளத்தட்டு மேல வண்டியை ஏத்தி நிறுத்துனீங்கன்னா, மாட்டுக்குத் தீவனமும் இல்லை, உங்களுக்கு வண்டியும் இல்லை.

ஆயில் குச்சியை உருவி மோந்து பாத்தீங்களா? அட, அதை எதுக்கு மோக்கோணும்னு முழிக்கறீங்க. ஆயில் அளவு தானா ஏறியிருந்து, தொட்டாத் தண்ணியா இருந்து, பெட்ரோல் வாசம் அடிச்சா, பெட்ரோல் எஞ்சினுக்குள்ள எறங்குதுன்னு அர்த்தம். ஆயில் கொறையலியேன்னு பெருமைப்பட்டுக்கிட்டு ஓட்டுனா பேரிங் போயிரும்.

பழைய கார்புரேட்டர் வண்டிக்கு இந்தச் சோலியெல்லாம் கெடையாதுங். அதுக்கு ஒரே எடந்தான் கண்ணு. கார்புரேட்டருக்குள்ள ஒரு சின்னத் தொட்டி, அதுல ஒரு மெதவை. பெட்ரோல் ஏற ஏற மெதவையும் ஏறி, ஊசி வால்வை அடைக்கோணும். மெதவையில ஓட்டை வுழுந்துச்சுன்னா, பெட்ரோல் உள்ளார போயிக் கனமாயி முங்கிரும். ஊசி அடைக்காது, பெட்ரோல் வழிஞ்சு எஞ்சின் மேலயே ஊத்தும். பித்தளை மெதவையைக் கழட்டிக் காதுகிட்ட ஆட்டுங்க. சளக்குன்னா உள்ளார பெட்ரோல். எங்க ஓட்டைன்னு தெரியலைன்னா, அடுப்புல இருந்து தூரமாக் கொண்டாந்த ஒரு சொம்புச் சுடுதண்ணியில முக்குங்க. ஓட்டை வழியா முட்டை முட்டையா வரும். ஈயம் வெச்சு அடைக்கறதுக்கு முன்னாடி உள்ளார இருக்கறதைச் சுத்தமா வடிக்கோணும். அதெல்லாம் மூஞ்சியைக் கொண்டுபோயி வேலை பாத்த காலமுங். இப்பப் போனைச் சொருகி, கோடு நம்பரைப் படிச்சுச் சொல்றாங்க. நம்பர் வரலைன்னா வண்டிக்குச் சீக்கே இல்லைன்னும் சொல்லிப்போடறாங்க. வெடிச்ச ஹோஸுக்கு நம்பர் வராதுங் மாப்பிள்ளை.

டீசல் வண்டின்னா வாசம் எண்ணெய்ப்பிசுக்கோட ஒட்டிக்கிட்டு நிக்கும், பெரும்பாலும் இன்ஜெக்டர்ல இருந்து திரும்பி வர்ற மெல்லிசுக் கொழாயிதான் காரணம். கேஸ் கிட்டு மாட்டுன வண்டின்னா அழுகுன வாசம், அது கசிவு தெரியோணும்னே கலந்து வெக்கற மருந்து. உங்க வண்டி ரெண்டுமில்லை.

டிக்கியத் தொறங்க பாக்கலாம். இதென்னுங், கதை முடிஞ்சுதே! மருந்தடிக்கற மிசினுக்குன்னு நான் கேட்ட பெட்ரோலைத் தண்ணி பாட்டில்ல புடிச்சிட்டு வந்திருக்கறீங்க. எனக்குத்தான்னு கொண்டாந்தீங்க, நல்ல மனசுங். ஆனா வெயில்ல மூடியை முட்டிக்கிட்டு ஆவி வெளிய வருது பாருங்க, பாட்டிலே உப்பிக்கெடக்குது. இதுக்குன்னு செஞ்ச கேன்லதான் வாங்கோணும், பெட்ரோலோட ஊருக்கெல்லாம் சுத்தக் கூடாது. மெதுவா எடுத்து அந்த நெழல்ல வெய்யுங்க. இதுதான் காரணம்னு நீங்க சிரிக்கறது எனக்குத் தெரியுது. இது இன்னிக்கு வந்த பாட்டிலு, வாசம் வந்து மாசமாச்சு.

என்ன அம்மிணி? பின் சீட்டுல உக்காந்தாத்தான் எச்சா அடிக்குதா? முன்னாடி அவ்வளவா இல்லையா? ஃபுல் டேங்க் போட்டா ரெண்டு மூணு நாளைக்கு இருக்குது, பாதிக்குக் கீழ போனாக் கொறைஞ்சிருதா? பாத்தீங்களா மாப்பிள்ளை, கேட்ட கேள்விக்கெல்லாம் பதிலு பின் சீட்டுல உக்காந்துட்டு இருந்திருக்குது. நீங்கதான் மசக்கைன்னு சொல்லிப்போட்டீங்க.

இன்னொண்ணு கேக்கறனுங், கோவிச்சுக்காதீங்க. சமீபத்துல பெட்ரோல் பம்பு மாத்துனீங்களா? சொல்லுங்க, தலையைச் சொறியாதீங்க. மலிவா ஒரு எடத்துல மாத்துனீங்க, கேஸ்கட் பழசே நல்லா இருக்குதுன்னு சொல்லி அதையே போட்டாங்க, 300 ரூவா மிச்சம். மிச்சம் புடிச்ச காசுலதான் மல்லியப்பூ வாசம் வாங்குனீங்களா?

வாங்க, பின் சீட்டைத் தூக்குவோம். அதுக்கு முன்னாடி பேட்டரியோட மைனஸ் முனையைக் கழட்டிப்போடுங்க. சீட்டை முன்பக்கமா அமுத்தித் தூக்குனா வந்துரும். தூக்குங்க. நிலக்கடலைத் தொலி, அஞ்சு ரூவாக் காசு, கொழந்தையோட ஒத்தைச் செருப்பு. அதுக்கடியில வட்டமா ஒரு தகரமூடி, நாலு ஸ்குரூ. கழட்டுங்க. இப்பக் குனிஞ்சு பாருங்க. பம்போட தலை தெரியுதா? சுத்திப் பெரிய பிளாஸ்டிக் வளையம் இறுக்கியிருக்குது. மூணு பக்கம் தூசி மாவாட்டக் காஞ்சு கெடக்குது, வலப்பக்கம் மட்டும் கறுத்து, ஈரமாச் சேறு கட்டியிருக்குது. வளையத்துக்கடியில இருந்து ரப்பரு நாக்கை நீட்டிக்கிட்டு வெளிய வந்திருக்குது. ஒருக்கா பெட்ரோல்ல ஊறுன ரப்பரை வெளிய எடுத்தா உப்பிக்கும், மறுபடி அதோட காடியில உக்காராது. உக்கார வெச்ச மாதிரி தெரியும், இறுக்கறப்பப் பிதுங்கிரும். டேங்க் நெறைஞ்சிருந்து வண்டி குலுங்குனா பெட்ரோல் இது வழியா மேல வரும். உங்க கொழந்தை இதுக்கு நேர் மேலதான் தூங்கிட்டு வந்திருக்குது.

சீட்டுக்கடியில டேங்க் இருக்குதுன்னு மெரளாதீங்க. 1920-ல ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ்ஸு ஓட்ட ஆரம்பிச்ச காலத்துல, ஒலகம் பூரா ஓடிட்டிருந்த ஃபோர்டு மாடல் டி வண்டிக்குப் பெரும்பாலும் முன் சீட்டுக்கடியிலதான் டேங்க். பம்பே கெடையாது, பெட்ரோல் தானா எறங்கி எஞ்சினுக்குப் போகோணும். டேங்குல கொஞ்சமா இருந்து செங்குத்தா மேடு வந்துச்சுன்னா பெட்ரோல் எட்டாது. வண்டியைத் திருப்பி ரிவர்ஸ்லயே மேட்டை ஏத்துவாங்களாம். டேங்க் மேல உக்காந்து போறது பழைய வழக்கந்தான். மூடி இறுக்கமா இருந்துச்சுன்னா ஒண்ணுமில்லை.

இனி என்ன பண்ணக் கூடாதுன்னு சொல்லிப்போடறேன், ஏன்னா உங்க கை இப்பவே எம்சீல் வாங்கக் கடைக்குப் போகப் பாக்குது. எம்சீலை அப்பாதீங்க. ஹோஸ் வெடிச்சா சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுத்தாதீங்க, அந்த ரப்பரு பெட்ரோல் பட்டாக் கரைஞ்சு கொழகொழத்துப் போகும். இன்ஜெக்சன் வண்டி ஹோஸுல பெட்ரோல் 3 பார் அழுத்தத்துல ஓடுது, உங்க டயர் காத்தை விட எச்சு. அதுக்குன்னே வர்ற ஹோஸ் மேல ஜே30 ஆர்9-னு அச்சடிச்சிருக்கும், அதைப் பாத்து வாங்கோணும். கார்புரேட்டர் வண்டி ஹோஸ் மலிவா இருக்குதுன்னு மாட்டுனீங்கன்னா ஓடற ஓட்டத்துல பிச்சுக்கும். தகர டேங்க் ஓட்டையாச்சுன்னா லாரி டிரைவருங்க பார் சோப்பைத் தேச்சு அடைச்சுட்டு ஓட்டுவாங்க, பெட்ரோல்ல சோப்புக் கரையாது. ஆனா அது பட்டறை வரைக்கும் போகத்தான். அதோடயே சபரிமலைக்குப் போயிட்டு வந்தவங்களும் உண்டு, சாமி புண்ணியம். அப்பறம், காலி டேங்குதானேன்னு வெல்டிங் வெக்கச் சொல்லாதீங்க. நெறைஞ்ச டேங்கை விடக் காலி டேங்குதான் வெடிக்கும், உள்ளார ஆவியும் காத்தும் செரியாக் கலந்து நிக்கும். பேத்தி சொன்ன அந்த ஏழரைக்குள்ள.

உங்களுக்கு வேண்டியது ரெண்டே சாமான். பம்பு கேஸ்கட் புதுசு ஒண்ணு, அந்த வளையம் வெடிச்சிருந்தா அதும் ஒண்ணு. மாடல் நம்பர் சொல்லி வாங்கோணும், பாக்கறதுக்கு ஒண்ணாட்டவே இருக்கும், உக்காராது. டேங்குல பாதிக்குக் கீழ பெட்ரோல் இருக்கறப்பத் தொறக்கோணும். ஹோஸைக் கழட்டறதுக்கு முன்னாடி பம்பு ஃபியூஸைப் புடுங்கி, எஞ்சினை ஓட உட்டு, தானா நிக்க வெச்சு அழுத்தத்தை எறக்கோணும். ஆனா இப்படி ஈரமாக் கெடக்கறப்பச் செல்ஃப் அடிக்கக் கூடாதுங், அதை மெக்கானிக் பாத்துக்குவாரு, அவருக்குன்னு மொறை இருக்குது. துணியைச் சுத்திக்கிட்டு மெதுவாக் கழட்டுவாரு. பக்கத்துல பவுடர் போட்ட தீயணைப்பான் ஒண்ணு இருக்கோணும். தண்ணிக் கொடம் வேலைக்காகாது, பெட்ரோல் தண்ணி மேல மெதந்துக்கிட்டே எரியும்.

மெக்கானிக் கிட்டப் பேசறப்பவும் ஒண்ணு சொல்றேன். வாசம் வருதுன்னு மட்டும் சொன்னீங்கன்னா அவரு பாவம், மூடியில இருந்து டேங்க் வரைக்கும் ஒவ்வொண்ணா மாத்தி, நாலு பில்லு போடுவாரு. ஃபுல் டேங்க் போட்டாப் பின் சீட்டுல எச்சா அடிக்குது, பம்பு மாத்துனதுல இருந்து அடிக்குது, பம்புத் தலை வலப்பக்கம் ஈரமா இருக்குதுன்னு சொல்லுங்க. அப்பத்தான் அவரும், இந்தாளு கிட்ட ஒண்ணும் செல்லாதுன்னு ஒழுங்கா வேலை பாப்பாரு. கழட்டுன பழைய கேஸ்கட்டைக் கேட்டு வாங்கிக்கங்க. வேலை முடிஞ்சதும் ஃபுல் டேங்க் போட்டு, டக்குன்னு நின்னதும் நிறுத்திக்கச் சொல்லி, மறுநா வெடியால அம்மிணியைக் கூப்புட்டு மோந்து பாக்கச் சொல்லுங்க. நீங்க பாக்க வேண்டாம்.

ரோட்டுல போறப்ப இதே மாதிரி குப்புன்னு அடிச்சா, ஊரு வந்துரும்னு மிதிக்காதீங்க. ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி அணைச்சு, எல்லாரும் எறங்கித் தூரமாப் போயிருங்க. மறுபடி ஸ்டார்ட் ஆகுதான்னு பாக்கறது வேண்டாம். பொகை வந்துச்சுன்னா பானெட்டை முழுசாத் தொறக்காதீங்க, காத்துப் புகுந்தா நல்லா எரியும்.

இன்னிக்கு வண்டி இந்த மரத்தடியிலயே கெடக்கட்டுமுங். மெக்கானிக்குக்குப் போன் பண்ணிட்டேன், நாளைக்கு வெடியால கேஸ்கட்டோட தோட்டத்துக்கே வர்றேன்னு சொல்லிட்டாரு. உடுமலையில இருந்து திருப்பூருக்குப் பஸ்ஸு நெறையா இருக்குது, சாப்புட்டுட்டு மூணு பேரும் அதுல போங்க. டிக்கெட் காசு நான் குடுக்கறேன்.